ஆர்.சி. பள்ளிகளை ஒன்றுசேர்ப்பது: தன்னாட்சி யாருக்கு?

கத்தோலிக்கப் பள்ளிகள் தனித்தனியாக இனி தாக்குப்பிடிக்க முடியாது, எல்லாவற்றையும் ஒரே நிர்வாகத்துக்குள் கொண்டுவந்து தன்னைத்தானே ஆளும் ஒரு தொகுப்பாக்க வேண்டும் என்ற யோசனை புதியதல்ல. இங்கிலாந்தில் பத்துப் பதினைந்து வருஷமாக இது வேகமாக நடக்கிறது. கேரளத்தில் அதற்கு வெகுகாலம் முன்பே வேறு பெயரில் நடந்திருக்கிறது. செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம் மிஷன் பள்ளிகளைப் பற்றிப் பேச்செடுத்தால், பிள்ளைகள் குறைகிறார்கள், போஸ்ட் போகிறது, கட்டடம் இடிகிறது என்று போய், கடைசியில் "எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்துட்டா சரியாயிடும்" என்பதில்தான் வந்து நிற்கும்.

சரியாயிடுமா? எனக்கு முழுசாக ஒப்புதல் இல்லை. சேர்ப்பதில் தப்பில்லை, சில விஷயங்களில் சேர்ந்துதான் ஆகணும். ஆனால் இங்கே ஆசிரியரை நியமிக்கிற அதிகாரமும் மாற்றுகிற அதிகாரமும் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரே இடத்தில் சேர்ந்துதான் இருக்கின்றன. சேராமல் கிடப்பது கணக்கும், மூப்புப் பட்டியலும், பெற்றோர் வாயும். அதைத் தொடாமல் "தன்னாட்சித் தொகுப்பு" என்று பெயர் மட்டும் மாற்றினால் யாருக்கு ஆட்சி, யாருக்கு அடக்கம் என்பதைத்தான் இந்தக் குறிப்பில் பார்க்கிறேன்.

இப்போது எப்படி இருக்கிறது

செங்கல்பட்டு மறைமாவட்டம் 2002-இல் சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிந்தது. முதல் ஆயர் ஏ. நீதிநாதன். அரசு செங்கல்பட்டு மாவட்டத்தைக் காஞ்சிபுரத்திலிருந்து பிரித்தது அதற்குப் பதினேழு வருஷம் கழித்து, 2019 நவம்பரில். மறைமாவட்ட எல்லைக்குள் மூன்று வேறு உலகங்கள் இருக்கின்றன. ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய புறநகர் ஒன்று. கோவளம் மாதிரி கடலோர மீனவ ஊர்கள் ஒன்று. கோவளத்துக் கார்மேல் அன்னை ஆலயம் 1808-இல் ஜான் டி மாண்டி கட்டியது, அவ்வளவு பழைய பங்கு. மூன்றாவது, மதுராந்தகம், அச்சிறுப்பாக்கம் சுற்றிய ஏரிப்பாசனக் கிராமங்கள். இங்கே கத்தோலிக்கர் என்றால் பெரும்பாலும் தலித் மக்கள், அதிலும் கூலி விவசாயக் குடும்பங்கள்.

பள்ளிகளும் ஒரே ரகமில்லை. மறைமாவட்டத்துக்குச் சொந்தமான ஆர்.சி. பள்ளிகள் ஒரு வகை. இதில் பங்குத்தந்தை தாளாளராக இருப்பார். அவருக்கு மேலே எல்லா ஆர்.சி. பள்ளிகளுக்கும் பொதுவாக ஒரு கண்காணிப்பாளர், அவரும் குருவானவர்தான். துறவற சபைகள் நடத்தும் பள்ளிகள் இன்னொரு வகை. அவை அந்தந்தச் சபையின் மாநிலத் தலைமைக்குக் கட்டுப்பட்டவை. ஆயர் கூப்பிட்டதும் ஒரே தொகுப்பில் வந்து சேரும் என்று எதிர்பார்க்க முடியாது. திருச்சபைச் சட்டம் 806 இதைத் தெளிவாகவே சொல்கிறது. சபைகளின் பள்ளிகளையும் பார்வையிட்டு மேற்பார்வை செய்ய ஆயருக்கு உரிமை உண்டு, உள்நிர்வாகத்தில் சபைகளின் சுதந்திரம் அப்படியே இருக்கும். ஆகவே "எல்லாக் கத்தோலிக்கப் பள்ளிகளும் ஒரே தொகுப்பு" என்பது பேச்சுக்குத்தான். நடைமுறையில் சேரக்கூடியவை மறைமாவட்டப் பள்ளிகள். அவைதான் எண்ணிக்கையிலும் வரவிலும் பலவீனமான கிராமப் பள்ளிகள்.

அரசின் பார்வையிலும் இந்த ஆர்.சி. பள்ளிகள் தனித்தனி ஆள் கிடையாது. கல்வித்துறைக் கோப்பில் "கூட்டு மேலாண்மை" என்றும், பேச்சில் "கார்ப்பரேட் மேனேஜ்மென்ட்" என்றும் ஒரு சொல் புழங்குகிறது. ஒரே கல்வி முகமை பல பள்ளிகளை நடத்தினால், ஆசிரியர் விஷயத்தில் அவற்றை ஒரே குடும்பமாகப் பார்ப்பது அதன் பொருள். ஒரு பள்ளியில் உபரி ஆசிரியர் இருக்கும்போது அதே முகமையின் இன்னொரு பள்ளிக்குப் புதுசாக ஆள் எடுத்தால் துறை ஒப்புதல் தராது. "முதலில் உங்க உபரியை நிரவிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பும். இதை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வழக்குகள் வந்துகொண்டே இருக்கின்றன. அங்கே நிர்வாகங்களின் வாதம் பெரும்பாலும் "எங்கள் பள்ளிகள் தனித்தனி" என்பதுதான். வேடிக்கை என்னவென்றால் துறைக்கு முன்னால் தனித்தனி என்று வாதாடுகிற நிர்வாகம், ஆசிரியரை மாற்றும்போது எல்லாம் ஒன்று என்கிறது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது.

இங்கிலாந்துக்காரன் சேர்த்த விதம்

அகாடமி என்றால் உள்ளாட்சி மன்றத்தின் பிடியிலிருந்து விலகி, மத்திய அரசிடம் நேரடியாக நிதி பெறும் பள்ளி. 2002-இல் சில பள்ளிகளோடு ஆரம்பித்தது. 2010 சட்டத்துக்குப் பிறகு எல்லா வகைப் பள்ளிக்கும் கதவு திறந்தது. கத்தோலிக்க மறைமாவட்டங்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு, பள்ளிகள் ஒவ்வொன்றாகச் சிதறிப் போவதற்குப் பதில் தாங்களே தொகுப்புகளை அமைத்தன. 2014-இல் பிளிமத் மறைமாவட்டம் முப்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளை ஒரே டிரஸ்டில் சேர்த்தது. நாட்டிங்ஹாம் மறைமாவட்டம் ஒன்றாகச் சேர்க்காமல் நான்கு டிரஸ்டுகளாகப் பிரித்துக்கொண்டது.

இதைப் பாராட்டி எழுதுகிறவர்கள் விட்டுவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. தொகுப்பில் சேர்ந்த பள்ளி சட்டத்தின் கண்ணில் தனி ஆளாக இருப்பது முடிந்துபோகிறது. ஒப்பந்தம், ஊழியர், வங்கிக் கணக்கு எல்லாம் டிரஸ்டின் பேரில். பள்ளி அளவில் உள்ள குழுவுக்கு எவ்வளவு அதிகாரம் என்பதை டிரஸ்ட் முடிவு பண்ணும். வேண்டாமென்றால் அதைத் திரும்பவும் எடுத்துக்கொள்ளும். பிடிக்கவில்லை என்று ஒரு பள்ளி தானாக வெளியே வரவும் முடியாது. பள்ளிக்குத் தன்னாட்சி என்று பேசித் தொடங்கியது, தொகுப்புக்குத் தன்னாட்சி என்று முடிந்தது. அங்கேயே பலர் வைக்கும் விமர்சனம் இதுதான்.

ஆனாலும் அவர்களிடம் இருந்து நம்மிடம் இல்லாத மூன்று விஷயங்கள் உண்டு. டிரஸ்ட் என்பது ஒரு கம்பெனி. ஆகஸ்ட் 31-இல் வருஷம் முடிந்ததும் தணிக்கை செய்த கணக்கை அடுத்த ஜனவரிக்குள் பொதுவில் வெளியிட வேண்டும். தலைமை நிர்வாகி எவ்வளவு சம்பளம் வாங்குகிறார் என்பது அதில் தெரியும். பெற்றோர் பிரதிநிதிகள் டிரஸ்ட் குழுவிலோ பள்ளிக் குழுவிலோ இருந்தே ஆக வேண்டும். பள்ளிகளின் வரவில் மையம் எத்தனை சதவீதம் பிடித்துக்கொள்கிறது என்பதும் எழுத்தில் இருக்கும். எல்லாப் பள்ளிப் பணத்தையும் ஒரே பானையில் போட்டுப் பங்கிடுகிறதா என்பதும் எழுத்தில் இருக்கும். ஆயர் நியமிக்கிற உறுப்பினர்களே அங்கே பெரும்பான்மை. கத்தோலிக்கத் தன்மை அப்படிக் காப்பாற்றப்படுகிறது. அந்தப் பெரும்பான்மையும் கணக்கை மூடி வைக்க முடியாது.

நம்ம ஊரில் இதற்கு நேர் நிலைமை என்ன? கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்றைக் கொண்டுவந்தது, முக்கால்வாசி பேர் பெற்றோர். 2012 திருத்தத்தில் சிறுபான்மை உதவிபெறும் பள்ளிகளில் அந்தக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் வேலை மட்டும் என்று ஆக்கினார்கள். 2014-இல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டமே சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. 2025 செப்டம்பர் 1-இல் இன்னொரு அமர்வு பிரமதி தீர்ப்பு சரிதானா என்று கேட்டுப் பெரிய அமர்வுக்குப் பரிந்துரைத்திருக்கிறது. அது எப்படி முடிந்தாலும், இன்றைக்கு ஆர்.சி. பள்ளியில் பெற்றோர் சொல் என்பது தாளாளரின் நல்ல மனசைப் பொறுத்தது. நல்ல சாமியார் வந்தால் கேட்பார். மாற்றலாகிப் போனால் அதுவும் போச்சு.

கேரளம் கற்றுக்கொடுத்தது

நமக்கு இங்கிலாந்தை விடக் கேரளம் கிட்டே. 1957-இல் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதாவைக் கத்தோலிக்க நிர்வாகங்கள் கடுமையாக எதிர்த்த கதை தெரிந்ததுதான். 1958-இல் உச்ச நீதிமன்றம் ஆலோசனைக் கருத்து சொன்னது, 1959-இல் விமோசன சமரம், ஆட்சி கலைப்பு. அரசியல் கதையைச் சொல்கிறவர்கள் அந்தச் சட்டத்துக்குப் பின் வந்த கேரளக் கல்வி விதிகளைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்த விதிகள் நிர்வாகங்களைத் தனிநபர் முகமை, கூட்டு முகமை என்று பிரித்தன. பங்குப் பள்ளிகள் மறைமாவட்ட அளவில் சேர்ந்து கூட்டு முகமைகளாயின. சங்கனாசேரி, பாலா போன்ற மறைமாவட்டங்களின் கூட்டு முகமைகள் இன்றைக்கும் பெரிய நிர்வாகங்கள்.

அங்கே சேர்ந்ததோடு சில கடமைகளும் வந்தன. முகமையின் எல்லாப் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரே மூப்புப் பட்டியல் வைக்க வேண்டும். பிள்ளைகள் குறைந்து வெளியே போன ஆசிரியருக்கு, அதே முகமையின் எந்தப் பள்ளியில் பின்னால் இடம் வந்தாலும் முன்னுரிமை. "51 ஏ கிளெய்மன்ட்" என்று சொன்னால் கேரளத்தில் எந்த ஆசிரியருக்கும் புரியும். தலைமையாசிரியரைப் பொறுத்தவரை, சிறுபான்மை நிர்வாகம் மூப்பைத் தாண்டித் தனக்கு வேண்டியவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று 1998-இல் அம்மது வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியிருந்தும் மூப்பு இன்னது என்று எழுதி வைத்திருப்பதால், தாண்டும்போது தாண்டுவது தெரிகிறது.

கேரள ஏற்பாடு சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. நியமனத்துக்குப் பணம் கைமாறுகிறது என்ற குற்றச்சாட்டு அங்கே உதவிபெறும் பள்ளிகளைப் பற்றிப் பொதுவாகவே நெடுங்காலமாக உண்டு. கூட்டு முகமை அதை ஒழித்துவிடவில்லை. நான் எடுத்துக்கொள்வது ஒரு சின்னப் பாடம். சேர்க்கும்போதே ஆசிரியருக்கு ஒரு உரிமையை விதியில் எழுதினால் அது நிற்கிறது. சேர்த்த பிறகு பார்த்துக்கலாம் என்றால் வராது.

உபரிக் கணக்கு

கிராமப் பள்ளியில் சேர்ப்பு என்பது எப்படி இறங்குகிறது என்று ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 1997-இல் வந்த அரசாணை 525 நாற்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்றது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை தொடக்கப் பள்ளிக்கு அதைத் தளர்த்தியது: அறுபது பிள்ளை வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று. மதுராந்தகத்துக்கு மேற்கே ஒரு பள்ளியில் 55 பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள். ஒருவர் உபரி. கடலோரத்தில் இன்னொரு பள்ளியில் 70 பிள்ளைகள். ஒருவர் ஓய்வு பெற்றதால் இரண்டே ஆசிரியர்கள். ஒரு காலியிடம்.

இரண்டும் ஒரே முகமை என்றால், மேற்கே உள்ளவர் கடலோரம் போகணும். புது நியமனம் கிடையாது. பிள்ளைகள் பக்கமிருந்து பார்த்தால் இது நியாயம். எழுபது பிள்ளையை இரண்டு பேர் சமாளிப்பதைவிட மூன்று பேர் பார்ப்பது நல்லது. அரசுக் கஜானாவுக்கும் நல்லது. ஆனால் மூன்று பேரில் யார் போவது? பணியில் இளையவர் என்று விதி இருந்தால் பிரச்சினை இல்லை. பொதுவான மூப்புப் பட்டியலும் எழுதிய விதியும் இல்லாவிட்டால், தாளாளருக்கு ஒத்துவராதவர் போவார். கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாறிப் போகிற ஆசிரியையிடம் "இது துறை உத்தரவும்மா, நாங்க என்ன பண்றது" என்று சொல்லிவிடலாம். கூட்டு மேலாண்மை இப்போது இருக்கிற விதத்தில், அரசு அதைக் கருவூலக் கணக்குக்காகப் பயன்படுத்துகிறது, நிர்வாகம் இடமாற்றத்துக்காகப் பயன்படுத்துகிறது. ஆசிரியருக்கு அதில் கிடைப்பது ஒன்றுமில்லை. கேரளத்தின் 51 ஏ மாதிரி ஒரு வரிகூட அவருக்குத் துணையாக இல்லை.

பணம் எங்கே இருக்கிறது

இன்னொரு தேதியையும் கவனிக்க வேண்டும். 1991–92 கல்வியாண்டுக்குப் பின் தொடங்கிய தனியார் பள்ளிக்கோ வகுப்புக்கோ அரசு மானியம் கிடையாது என்று தமிழ்நாட்டுச் சட்டத்தில் பிரிவு 14 ஏ சேர்ந்தது. அந்தக் கோடு கத்தோலிக்கப் பள்ளிகளை இரண்டு பொருளாதாரமாகப் பிளந்துவிட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பழைய தமிழ்வழி உதவிபெறும் பள்ளி: ஆசிரியர் சம்பளம் அரசு தரும், கட்டணம் பெரிதாகக் கிடையாது, ஓடு மாற்றக்கூடக் காசிருக்காது. அந்தப் பக்கம் மெட்ரிக் பள்ளியும், பழைய வளாகத்துக்குள்ளேயே புதுசாக முளைத்த சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவும்: கட்டணம் வரும், ஆனால் ஆசிரியருக்கு அரசுச் சம்பளத்தில் ஒரு பங்குதான். ஒரே காம்பவுண்டு, ஒரே மாதா கெபி, ஒரே பிரேயர். சம்பளக் கவர் மட்டும் வேற.

தொகுப்பு என்று பேசுகிறவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதிலிருந்து வருகிறது. புறநகர் மெட்ரிக் பள்ளியின் உபரி வருமானம் மதுராந்தகம் பக்கத்து ஈராசிரியர் பள்ளியின் கழிப்பறைக்கு வருமா? வருமென்றால், வருஷத்துக்கு எவ்வளவு, எந்தக் கணக்கு வழியாக? அந்த உபரி மெட்ரிக் ஆசிரியையின் குறைச்சல் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததா என்றும் கேட்க வேண்டியிருக்கும். சேர்ப்பதற்கு இருக்கிற மிகப் பெரிய நியாயமே இந்தப் பகிர்வுதான். அதைப் பற்றி ஒரு வரியும் எழுதாத திட்டம், பகிர்வுத் திட்டம் ஆகாது.

நிலமும் இதில் சேர்த்தி. ஜி.எஸ்.டி. சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் மனை விலை எங்கே போயிருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. உதவிபெறும் சின்னப் பள்ளியை மூடினால் சம்பளத்தில் நிர்வாகத்துக்கு மிச்சம் ஒன்றும் கிடையாது, அது அரசுப் பணம். மிஞ்சுவது இடம். அந்த இடத்தை எப்போதோ ஊர்க்காரர் யாரோ கொடுத்திருப்பார், அல்லது பங்கு மக்கள் நெல்லளந்து வாங்கியிருப்பார்கள். இப்படிப்பட்ட சொத்து ஒரு பெரிய தொகுப்பின் பேரேட்டில் ஒரு வரியாக மாறும்போது அதைக் கொடுத்த ஊருக்கு அதில் என்ன பாத்தியதை?

திருச்சபைச் சட்டம் இதை யோசித்திருக்கிறது என்பதுதான் ஆச்சரியம். பங்கு என்பது அந்தச் சட்டப்படி தனிச் சட்ட ஆள். 121-ஆம் சட்டம் இப்படிப்பட்ட ஆட்கள் ஒன்றாகச் சேரும்போது சொத்தும் கடனும் புதிய அமைப்புக்குப் போகும் என்கிறது. ஆனால் நிறுவியவர், நன்கொடை கொடுத்தவர் ஆகியோரின் எண்ணத்தை மதித்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையோடு. 537 ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது. 1287 இன்னும் நேராகப் பேசுகிறது: இறைமக்கள் கொடுத்ததற்கு நிர்வாகிகள் இறைமக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும். ஆகவே கணக்கு கேட்பது வெளியாள் தலையீடு என்றோ சிறுபான்மை உரிமைக்கு எதிரானது என்றோ யாரும் சொல்ல முடியாது. ரோமாபுரிச் சட்டமே கேட்கச் சொல்லுது.

உரிமை யாருடையது

அரசியல் சாசனம் 30(1) சிறுபான்மையினருக்குக் கல்வி நிறுவனங்களை நிறுவவும் நிர்வகிக்கவும் உரிமை தருகிறது. 1974-இல் சேவியர் கல்லூரி வழக்கு, 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கு என்று பெரிய பெரிய அமர்வுகள் இதை விளக்கியிருக்கின்றன. எல்லாவற்றிலும் உரிமை சிறுபான்மைச் சமூகத்துக்கு. ஆயரும் தாளாளரும் அந்தச் சமூகத்தின் பேரில் அதைக் கையாள்கிறவர்கள். நீதிமன்றத்தில் அரசை எதிர்த்து நிற்கும்போது "எங்கள் சமூகத்தின் உரிமை" என்று சொல்லிவிட்டு, பங்குக்குத் திரும்பி வந்ததும் அந்தச் சமூகத்தையே ஓரமாக உட்கார வைப்பது எப்படிச் சரி?

மதுராந்தகம் பக்கம் அந்தச் சமூகம் யார் என்று முன்பே சொன்னேன். இந்த மாவட்டத்தின் வரலாற்றில் பள்ளியும் நிலமும் சேரியும் ஒரே முடிச்சு. 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அப்போது இங்கே குரல் கொடுத்தவர்களில் ஸ்காட்லாந்து மிஷன் ஆடம் ஆண்ட்ரூ முக்கியமானவர். அவர் கத்தோலிக்கர் அல்ல. ஆனால் எந்தச் சபையானாலும் மிஷன் கிராமத்தின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: வாரத்தில் ஆறு நாள் பள்ளிக்கூடமாக இருக்கிற கொட்டகை ஞாயிற்றுக்கிழமை கோயில், வாத்தியாரே உபதேசியார். அதனால்தான் பள்ளி மூடுவது என்றால் இந்த ஊர்களில் வெறும் நிர்வாக முடிவாகப் பார்க்க மாட்டார்கள்.

இன்றைய நிலை இன்னும் சிக்கல். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி தலித் கிறித்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். சாசனத்தின் 15(5) சிறுபான்மை நிறுவனங்களை இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கியிருக்கிறது, மாணவர் சேர்க்கையில். ஆசிரியர் நியமனத்திலும் சிறுபான்மைப் பள்ளிக்கு இனச்சுழற்சி கட்டாயமில்லை. அரசுக் கதவு பாதி மூடியது, திருச்சபைக் கதவு திறந்திருக்குமா என்பது நிர்வாகத்தின் கையில். இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அந்தப் பேரவையில் தலித் மக்களுக்கான பணிக்குத் தலைமை ஏற்றிருந்தவர் நம் செங்கல்பட்டு ஆயர்தான். அந்தக் கொள்கைக்கு உரைகல் வைக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. தொகுப்பு அமைந்தால் ஆசிரியர், தலைமையாசிரியர், நிர்வாகக் குழு இடங்களில் தலித் கத்தோலிக்கர் எத்தனை பேர் என்று ஒரு எண்ணை எழுதி வைக்கலாமே. ஐம்பது சின்னப் பள்ளிகள் ஐம்பது தாளாளர்களிடம் இருக்கையில் இந்த எண்ணை யாரிடம் கேட்பது என்றே தெரியாது. ஒரே தொகுப்பானால் கேட்க ஒரு வாசல் இருக்கும். சேர்ப்புக்கு ஆதரவாக நான் வைக்கிற வலுவான வாதம் இதுதான்.

எதிர்ப்பக்கத்து நியாயம்

தனித்தனியாக விட்டுவிடுங்கள் என்று சொல்வதும் பொறுப்பில்லாத பேச்சு. 2004 ஜூலையில் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் போன பிறகு, கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று, உரிமம் என்று ஒரு பள்ளி வருஷா வருஷம் ஓட வேண்டியிருக்கிறது. ஓட வேண்டியதுதான், அதில் தப்பில்லை. அதோடு எமிஸ் பதிவு, தணிக்கைத் தடை, ஊதியப் பட்டியல், போக்சோ விழிப்புணர்வு. பங்குத்தந்தைக்குப் பூசை, சாவு, கல்யாணம், திருவிழா போக மிச்ச நேரத்தில்தான் இது. இரண்டு ஆசிரியர் பள்ளியில் தலைமையாசிரியரே கிளார்க். அவர் வட்டாரக் கல்வி அலுவலகம் போன நாளில் ஐந்து வகுப்பையும் ஒருத்தர் பார்க்கணும். இந்த வேலைகளை மொத்தமாகச் செய்ய மதுராந்தகத்தில் ஒரு பொது அலுவலகம், ஒரு கணக்கர், ஒரு பொறியாளர் இருந்தால் எவ்வளவு பாரம் குறையும்! இதற்கு நிர்வாகத்தை இணைக்கணும்னு அவசியமே இல்லை. சேவையை இணைத்தால் போதும், துறவற சபைப் பள்ளிகளும் காசு கொடுத்து அதில் சேரலாம். தமிழ்நாடு கத்தோலிக்கக் கல்விச் சங்கம் மாநில அளவில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் சங்கம் குரல் கொடுக்கும், சம்பளப் பட்டியல் போட்டுத் தராது.

ஆகவே என் வரிசை இப்படி. முதலில் சேவைகளை இணையுங்கள். அது நாளைக்கே செய்யக்கூடியது, யாருடைய உரிமையும் போகாது. அடுத்து எல்லா ஆர்.சி. பள்ளிக்கும் ஒரே மூப்புப் பட்டியல், எழுத்தில் ஒரு இடமாற்ற விதி, உபரியாகிப் போனவருக்குத் திரும்பி வர முன்னுரிமை. மூன்றாவது, பள்ளிவாரி வரவுசெலவு வருஷத்துக்கு ஒருமுறை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஒட்டப்படணும். சுயநிதிப் பிரிவின் கணக்கும் அதில் இருக்கணும். நான்காவது, ஒரு பள்ளியை மூடவோ அதன் இடத்தை வேறு வேலைக்கு எடுக்கவோ அந்தப் பங்கின் நிதிக்குழுவும் பெற்றோரும் கூடிப் பேசிய தீர்மானம் கட்டாயம். இந்த நான்கும் நடந்தபின் சொத்தையும் சட்டப் பெயரையும் ஒரே தொகுப்பாக்குவது பற்றிப் பேசலாம். இங்கிலாந்துக்காரர்கள் கடைசிப் படியில் ஆரம்பித்துவிட்டு, உள்ளூர்க் குழுவுக்கு என்ன அதிகாரம் கொடுப்பது என்று இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை, அரசு உத்தரவும் தேவையில்லை. மறைமாவட்டம் ஒரு சுற்றறிக்கையில் செய்து முடிக்கலாம். தன்னாட்சி என்று ஒன்று உண்மையிலேயே இருந்தால், அது இந்தச் சுற்றறிக்கை வருகிற நாளில் தெரிந்துவிடும்.